வியாழக்கிழமைகளில் நிற்கும் வண்டி

3 ஜூலை 2025, வியாழன்

திருமுருகன்பூண்டி தாண்டியதும் வண்டி மறுபடியும் நின்றது. பின்னால் முப்பது ரோல் துணி. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அவிநாசியில் ஏற்றிய சரக்கு பன்னிரண்டு மணிக்குள் அருள்புரம் தையல் கம்பெனிக்குப் போயாக வேண்டும். தார்ப்பாயை இழுத்துக் கட்டினேன். பானெட்டைத் திறந்து, டீசலை மேலே இழுக்க, பில்டர் மேலிருக்கும் பொத்தானைக் கட்டைவிரல் வலிக்க அமுக்கினேன். அரை மணி நேரம் போனால்தான் அது மனசு மாறும். எனக்குத் தெரியும். மூன்று வருஷமாகத் தெரியும்.

பைக்கில் போன ஒருவர் நிறுத்தி, “டிரைவர் எங்கீங்க?” என்றார். “நான்தானுங்க” என்றேன். இன்னொரு தடவை சுற்றிலும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

கம்பெனி சூப்பர்வைசர் பிரதீப் நாலு போன். “ஏனுங்கக்கா, கட்டிங் டேபிள்ல ஆளுக சும்மா நிக்கறாங்க.”

ஒன்றேகாலுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒரு ரோல்கூட நனையவில்லை. அதை யாரும் கேட்கவில்லை.

4 ஜூலை, வெள்ளி

இன்றும்.

6 ஜூலை, ஞாயிறு

பிரதீப் நேற்றே சொல்லிவிட்டான். “இன்னொருக்கா இப்புடி ஆச்சுன்னா வேற வண்டி போட்டுக்கச் சொல்லீட்டாருங்க மொதலாளி. என்னைய ஒண்ணும் நெனச்சுக்காதீங்கக்கா.” அவன் மேல் கோபமில்லை. அவன் இடத்தில் நான் இருந்தால் போன மாசமே மாற்றியிருப்பேன்.

மெக்கானிக் லிங்கசாமி பார்க்காததா? பில்டர், ஹோஸ், பம்ப் சீல், எல்லாம் மாற்றியாகிவிட்டது. அவர் ஓட்டிப் பார்க்கும்போது மட்டும் இந்த வண்டி மாதிரி நல்ல வண்டி உலகத்தில் கிடையாது.

வீட்டுக்காரர் கலீலிடம் சொன்னேன், எக்ஸ்சேஞ்ச் போட்டு வேறு வண்டி எடுக்கலாம் என்று. இடுப்பு டிஸ்க் நகர்ந்து அவர் வண்டியை விட்டு இறங்கி மூன்று வருஷம் ஆகிறது; வீட்டிலேயே ஒரு மெஷின் போட்டு உட்கார்ந்து தைக்கிறார். மெஷினை நிறுத்தாமலே பதில் சொன்னார்: “நாம வாங்கறதும் எவனோ தள்ளிவிடற வண்டியாத்தானே இருக்கும் ஜஹானா?”

“பாத்து வாங்கறவ நானாக்கும்” என்றேன்.

அவர் அடுத்த துணியை எடுத்து மெஷினில் வைத்தார்.

13 ஜூலை, ஞாயிறு

அவிநாசி. பழைய வண்டி விற்கும் சந்தனத்தின் இடம். வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு பிக்கப் நிற்கிறது.

முதல் வண்டி பளபளவென்று வெள்ளை. கதவு ரப்பரை விரலால் நெம்பினேன். உள்ளே நீலம்; வெள்ளை மேலே அடித்த பெயிண்ட். இரண்டாவது, மீட்டரில் நாற்பதாயிரம் கிலோமீட்டர் காட்டியது. கிளட்ச் மிதியில் ரப்பரே இல்லை, வெறும் இரும்பு வழவழவென்று தேய்ந்து கிடக்கிறது. “நாப்பதாயிரத்துல இப்புடி மிதிக்கறதுக்கு யானையாங்க ஓட்டுச்சு?” என்று கேட்டேன். சந்தனம் சிரித்துவிட்டார். “அக்காகிட்ட ஆகாதுங்க. வாங்க, பின்னால ஒண்ணு நிக்குது.”

பின்னால் நின்றதுதான் வண்டி. ஒரே ஆள் ஓட்டியது. சரக்கு ஏற்றும் பெட்டி என்னுடையதைவிட ஒரு அடி நீளம். அடியில் படுத்துப் பார்த்தேன் — ஆமாம், சுடிதாரோடு. அங்கிருந்த ஆண்கள் எல்லாரும் திடீரென்று வேறு எங்கேயோ பார்த்தார்கள். சேசிஸில் அடிபட்டு வெல்டிங் வைத்த தடம் இல்லை. பெருமாநல்லூர் வரை ஓட்டிப்போய்த் திரும்பினேன். கியர் வெண்ணெய் மாதிரி விழுகிறது.

முடிவு பண்ணிவிட்டேன்.

17 ஜூலை, வியாழன்

மாற்றியாகிவிட்டது. பழைய வண்டி கலீல் பெயரில் இருந்ததால் அவரும் வந்து கையெழுத்துப் போட்டார். புதியது என் பெயரில். அது அவர் சொன்னது: “ஓட்டறவ பேருல இருக்கட்டும்.”

அவர்களும் ஓட்டிப் பார்ப்பார்களே என்று காலையிலேயே டீசலை முக்கால் டேங்க்குக்கு ஏற்றி, வண்டியைக் கழுவித்தான் கொண்டுபோனேன். சந்தனத்தின் ஆள் ஒரு சுற்றுப் போய்வந்தான். சமர்த்தாக ஓடியது. சந்தனம் கேட்டார், “கோளாறு ஏதாச்சும் இருக்குதுங்களா?”

“ஒண்ணும் இல்லீங்க. வயசான வண்டி, அவ்வளவுதான்.”

கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன்.

திரும்பி வரும்போது கலீல் கேட்டார்: “நிக்கறதைச் சொன்னியா?” “அவங்க வியாபாரிங்க. அவங்களுக்குத் தெரியாததா?” என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

19 ஜூலை, சனி

மூன்று நடை. மூன்றும் நேரத்துக்கு. பிரதீப் கேட்டில் நின்று வண்டியைச் சுற்றிவந்து பார்த்தான். “இது வண்டிங்கக்கா!”

தெரியும்டா.

2 ஆகஸ்ட், சனி

இந்த மாசம் முழு லோடும் எனக்கே என்று முதலாளி சொல்லிவிட்டாராம். மழையிலும் வெயிலிலும் ஒரு நிமிஷம் நிற்கவில்லை. சாலையில் யாரைப் பார்த்தாலும் வழிவிடத் தோன்றுகிறது, அவ்வளவு நல்ல மனசோடு ஓட்டுகிறேன்.

21 ஆகஸ்ட், வியாழன்

பல்லடம் ரோட்டில், அருள்புரத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால், என் பழைய வண்டி நின்றது.

எனக்குத் தெரியாதா அந்த வண்டியை. பானெட் திறந்திருக்கிறது. ஒரு ஆள் உள்ளே தலையை விட்டுக்கொண்டு நிற்கிறார். பின்னால் பெரிய பெரிய சோற்று அண்டாக்கள். நடுவில் ஒரு பொம்பளை, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, வெயிலில், அண்டா மூடியைக் கையால் பிடித்தபடி. மணி பன்னிரண்டரை. கம்பெனிகளில் சாப்பாட்டு நேரம்.

நான் நிறுத்தவில்லை.

லோடு இருந்தது, நேரம் ஆகிவிட்டது — அதெல்லாம் சும்மா. அந்தப் பொத்தானை எத்தனை தடவ அமுக்கணும்னு எனக்குத் தெரியும். எறங்கிச் சொல்றதுக்கு ரெண்டு நிமிசம் ஆகுமா? ஏன் எறங்கல? எறங்குனா யாருன்னு கேப்பாங்க. அதான். வேற ஒண்ணும் இல்ல.

கலீலிடம் சொன்னேன். மெஷினை நிறுத்திவிட்டு, “கையெழுத்து நானும்தானே போட்டேன்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

23 ஆகஸ்ட், சனி

லோடு இறக்கிவிட்டு, எதிர்க் கம்பெனி கேட்டில் அந்த வண்டியைப் பற்றி விசாரித்தேன். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர்கள். அவர் ராக்கையா, அவர் சம்சாரம் ஒச்சம்மாள். கம்பெனி ஹாஸ்டல் பிள்ளைகளுக்கும் டெய்லர்களுக்கும் மத்தியானச் சாப்பாடு கொண்டுவருகிறார்கள். அங்கேயே வண்டிப் பக்கத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். நேராகப் போனேன்.

“இந்த வண்டி முன்னால என்னுதுங்க.”

ராக்கையா முகம் மலர்ந்துவிட்டது. அதுதான் தாங்கவில்லை. “அப்படியாக்கா! எதனால நிக்கிதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?”

“அது தெரியலீங்க. நிக்கும்னு தெரியும்.”

கழுவிக்கொண்டிருந்த கரண்டி அவர் கையில் நின்றது. “தெரிஞ்சேதேன் வித்தீகளா?”

“ஆமாங்க.”

கரண்டியை அண்டாவுக்குள் போட்டார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஒச்சம்மாள்தான் பேசினாள், நிதானமாக: “முந்தாநாளு நூத்தம்பது பேருக்குச் சோறு. நடுரோட்டுல வச்சுக்கிட்டு நின்னோம். நாங்க வந்து சேரையில பிள்ளைக பரோட்டாவத் தின்னுட்டு மெஷின்ல உக்காந்துருச்சுக. அம்புட்டையும் மாட்டுக்குக் கொட்டுனோம். இன்னொரு தடவை ஆச்சுன்னா வேற ஆளு பாத்துக்கிருவோம்னுட்டாக.”

அதே வார்த்தை. பிரதீப் என்னிடம் சொன்ன அதே வார்த்தை.

கொண்டுபோயிருந்த பணத்தை நீட்டினேன். அவள் தொடவில்லை. “காசு வேணாம். வண்டி ஓடணும்.”

24 ஆகஸ்ட், ஞாயிறு

வண்டி ஓடணும். சரி. எனக்கு வேறு எதுவும் தெரியாவிட்டாலும் இந்த வண்டி எப்போது, எங்கே நின்றது என்று எழுதி வைத்திருக்கிறேன். போன வருஷ நோட்டையும் எடுத்தேன். புலம்பல் எல்லாவற்றையும் தாண்டித் தாண்டி, நின்ற நாளை மட்டும் ஒரு தாளில் எழுதினேன்.

இருபத்தாறு தடவை. அதில் இருபத்திரண்டு, வியாழனும் வெள்ளியும்.

கலீலிடம் காட்டினேன். “வண்டிக்கு வியாழக்கிழமை என்னன்னு தெரியுமா?” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வியாழனுக்கு என்ன? வாடகை சனிக்கிழமை வருகிறது. சனி, ஞாயிறு கை தாராளம். திங்கள், செவ்வாய் ஓடும். வியாழன் வந்தால் கையில் இருப்பதற்கு டீசல் —

டீசல்!

வார ஆரம்பத்தில் டேங்க் நிறைய இருக்கும், வியாழன் வெள்ளியில் அடியில் கிடக்கும். மீதி நாலு தடவை? தேதியைப் பார்த்தேன். ரம்ஜானுக்கு முந்தின வாரம். துணிமணி எடுத்த வாரம். அப்போதும் டேங்க் காலி. லிங்கசாமியிடம் கொண்டுபோகும்போது? எப்போதும் சனி சாயங்காலம், டீசல் போட்ட பிறகு. எப்படி நிற்கும்?

எழுந்து நின்றேன். உட்காரவே முடியவில்லை.

25 ஆகஸ்ட், திங்கள்

ராக்கையா போனை எடுக்கவில்லை. ஒச்சம்மாளுக்குப் போட்டேன். “டீசல் எவ்வளவு போடுவீங்க?” “அன்னன்னிக்கு ஓட்டத்துக்குத்தேன் போடுவாரு.” அதேதான்!

பங்க்குக்கு வரச்சொல்லி டேங்க்கை நிரப்பினேன். ராக்கையா வேண்டாம் என்றார். நான் காதில் வாங்கவில்லை. “ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாதிக்குக் கீழ எறக்காதீங்க. அப்பவும் நின்னா என்னைக் கூப்பிட்டுத் திட்டுங்க” என்றேன்.

29 ஆகஸ்ட், வெள்ளி

போன் வரவில்லை. நிற்கவில்லை.

31 ஆகஸ்ட், ஞாயிறு

லிங்கசாமி ஷெட். ராக்கையாவும் ஒச்சம்மாளும் வண்டியோடு வந்திருந்தார்கள். டேங்க்கைக் கழற்றி இறக்கினார். உள்ளே டீசலை உறிஞ்சும் குழாயில், சரியாக நடுவில், நகம் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல். டீசல் அதற்குக் கீழே இறங்கினால் குழாய் காற்றை இழுக்கிறது. காற்றை இழுத்தால் வண்டி நிற்கும்.

“நான் டிரையல் பாக்கும்போதெல்லாம் டேங்க் ரொம்பி இருக்குமுங்க. அப்புறம் எங்க கண்டுபுடிக்கறது?” என்று லிங்கசாமி தலையில் அடித்துக்கொண்டார். கலீலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். அந்தக் குழாயைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஒரு முழம் இருக்கும். “இதுக்காகவா வண்டிய மாத்துன?” என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

மாற்றியதில் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு அடி நீளப் பெட்டி சும்மாவா? வருத்தம் வேறு.

புதுக் குழாய் போட்டு, டீசலை அடிமட்டத்துக்கு இறக்கி, லிங்கசாமியும் ராக்கையாவும் பல்லடம் போய்வந்தார்கள். நிற்கவில்லை. குழாய்க்கும் கூலிக்கும் நான் கொடுத்தேன். இந்தத் தடவை ஒச்சம்மாள் தடுக்கவில்லை. ராக்கையா சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை.

12 செப்டம்பர், வெள்ளி

கேட்டில் ராக்கையா. நான் தலையசைத்தேன். அவர் அண்டாவை இறக்கினார். ஒச்சம்மாள் மட்டும் கை காட்டினாள்.

9 அக்டோபர், வியாழன்

தீபாவளி சரக்கு. நாளைக்கு ஐந்து நடை. எழுத நேரமில்லை, உடம்பெல்லாம் பஞ்சுத்தூசி. பன்னிரண்டரைக்குத் தினமும் எதிர்க் கேட்டில் அந்த வண்டி நிற்கிறது — சோறு இறக்க.

15 நவம்பர், சனி

லோடு இறக்கும்வரை வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். யாரோ கதவைத் தட்டினார்கள். ராக்கையா.

“அக்கா.”

இரண்டரை மாசத்தில் முதல் சொல். இறங்கினேன்.

இன்னொரு கம்பெனியிலும் சாப்பாடு கேட்கிறார்களாம். மச்சினன் வீரணன் ஊரிலிருந்து வருகிறானாம். அவனுக்கு ஒரு வண்டி பார்க்கிறாராம். பொங்கலூரில் ஒரு விவசாயி, பெயர் நல்லான், காய்கறி ஏற்றிய பிக்கப்பை விற்கிறாராம். “நீங்க வந்து பாத்துச் சொல்லணும்.”

“என்னையா கூப்படறீங்க?”

“வண்டிய விக்கிறவுக எங்கெங்க பொய் சொல்லுவாகன்னு ஒங்களுக்குத்தேன தெரியும்” என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. பின்னால் ஒச்சம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

வருகிறேன் என்றேன். நாளைக் காலை ஏழு மணி. அந்த நல்லானுக்கு இப்போதே போன் போட்டு, நாங்கள் வருவதற்கு முன்னால் என்ஜினை ஓட்டிச் சூடாக்கி, ஸ்டார்ட்டிங் கோளாறை மறைத்து வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடச் சொன்னேன்.