மேற்குப் புதர்

மார்ச் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

போனில் சொல்லாமல் கடிதம் எழுதுவதற்கு மன்னிக்கவும். நீங்கள் "ம், சொல்லு" என்றதுமே எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது.

என் ஆராய்ச்சிக்காக நம் நிலத்தில் வலை கட்டிப் பிடித்த பறவைகளின் ரத்தத்தைப் பார்த்து முடித்தேன். ஒவ்வொன்றிடமும் ஒரு சொட்டுதான்; எடுத்ததும் பறக்கவிட்டோம். மேற்குப் புதரில் பிடித்த நாற்பதில் நான்குக்கு ரத்தத்தில் ஒட்டுண்ணி இருந்தது. மரங்களை வெட்டி நீங்கள் குளம் தோண்டிய பக்கம், நாற்பதில் பத்தொன்பது. கொசு கடித்துப் பரவுவது. நமக்கு வராது, அண்ணி பயப்பட வேண்டாம். குளம்தான் காரணம் என்று இன்னும் சொல்ல முடியாது. அடுத்த மாதம் இரண்டு இடத்திலும் கொசுக்களைப் பிடித்து எண்ண வேண்டும்.

அண்ணிக்குக் கால்வலி குறைந்ததா?

தங்கை

மார்ச் 15

வாயில்லாப் பூச்சிக்கு,

இவ்வளவு எழுதத் தெரியுது, போன்ல நாலு வார்த்தை பேச முடியலையா? அண்ணிதான் சத்தமா படிச்சா. கால்வலி அப்படியேதான், ஆனா வாய் நல்லா இருக்கு.

நான் தோண்டின குளத்தால குருவிக்கு நோய்னா மனசு கேக்குமா? அன்னைக்கே ரெண்டு டப்பா கொசு மருந்து ஊத்திட்டேன். ஒரு கொசு இல்ல! இனி நீ எண்ணவே வேண்டாம், வேலை மிச்சம். படிச்ச தங்கச்சிக்குப் படிக்காத அண்ணன் செஞ்ச உதவி.

அறுப்பு முடிஞ்சதும் மேற்குப் புதரையும் மெஷின் விட்டு வழிச்சிடறேன். மிச்சமிருக்கற அந்த நாலு நோயாளியும் வேற இடம் பாத்துக்கட்டும்.

அண்ணன்

மார்ச் 22

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. கோபம் இல்லை. மருந்து ஊற்றியதால் குளத்தில் இந்த ஆண்டு எண்ணுவதற்கு எதுவும் இல்லை. ஊற்ற வேண்டாம் என்று நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். குறிப்பேட்டில் "நில உரிமையாளர் மருந்து ஊற்றினார்" என்று எழுதினேன். அண்ணன் என்று எழுத அதில் இடமில்லை.

படிப்பு முடிய இன்னும் ஓர் ஆண்டு கூடும். மருந்தின் வேகம் போனதும் கொசு திரும்பிவிடும். புதர் திரும்பாது. அதை வழித்துவிட்டால், குளத்துப் பக்கத்தை எதோடு ஒப்பிடுவது?

அப்பா போன பிறகு பெரியவர்கள் பங்கு பற்றிக் கேட்டபோது, எனக்கு எதுவும் வேண்டாம் என்று தலையாட்டினேன். நீங்கள்தான் என்னைப் படிக்க வைத்தீர்கள். இப்போது மாற்றிப் பேச எனக்கே கூச்சமாக இருக்கிறது. இந்த இடத்தில் இரண்டு முறை பேனாவை மூடி வைத்தேன்.

அண்ணா, அந்தப் புதரை மட்டும் என் பங்காகக் கொடுத்துவிடுங்கள்.

தங்கை