எலாஸ்டிக் பிரித்த ஜட்டிகள்

சித்திரை 21, ஞாயிறு

காலையிலேயே கரண்ட் கட். வெக்கை. துணி துவைத்துக் காயப்போட்டேன். பிரபுவின் ஜட்டி மட்டும் கூடையில் இல்லை. கொஞ்ச நாளாகத் தானே துவைத்துக்கொள்கிறான். பதின்மூன்று வயதாகிவிட்டதாம், அம்மா தொடக்கூடாதாம். பிறந்ததிலிருந்து அவனுக்கு ஜட்டி தைத்துப் போடுகிறவள் நான்.

சாப்பிடும்போது அவர் மெதுவாக ஆரம்பித்தார். பையனுக்கு இடதுபக்க விதைப்பையில் நரம்பு புடைத்திருக்கிறதாம். ஓடினால் இழுக்கிறதாம். அப்பாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். நேற்று ஷூ வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனது கோயம்புத்தூருக்கு, ஸ்கேன் எடுக்க. வெரிகோசீல் என்று பெயர். அந்தப் பக்கம் வளர்ச்சி குறைந்திருப்பதால் வியாழக்கிழமை ஆபரேஷன்.

"அம்மாகிட்டச் சொல்லாதீங்கன்னு அழுதான் புள்ள. நான் என்ன பண்ணட்டும்?"

முதலில் கோபம். அப்புறம் பயம். நாளைக்கு அவனுக்குக் கல்யாணம், குழந்தை... கேட்க வாய் வரவில்லை.

23, செவ்வாய்

கம்பெனியில் நாள் முழுக்கக் கை ஓடவில்லை. ஜட்டிக்கு எலாஸ்டிக் வைக்கும் மெஷின் என்னுடையது. பிரபுவுக்குத் தைக்கும்போது மட்டும் கம்பெனி அளவைவிடக் கொஞ்சம் குறைத்து, இழுத்து வைப்பேன். நழுவக்கூடாதே என்று. அந்த இறுக்கம்தான் ரத்தத்தைக் கட்டிவிட்டதா? பாவி நான்.

வீட்டுக்கு வந்ததும் அவன் ஜட்டி எல்லாவற்றிலும் எலாஸ்டிக்கைப் பிரித்து எறிந்தேன். நாடா கோத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

25, வியாழன்

ஆஸ்பத்திரி. ஏசி குளிர். பிரபு பட்டினி. டாக்டர் படம் போட்டுக் காட்டினார். வயிற்றில் மூன்று சின்ன ஓட்டை, ஒன்று தொப்புளில். காற்றடைத்து, கேமரா விட்டு, அந்த ரத்தக்குழாயை மேலேயே கட்டிவிடுவார்களாம். கீழே கத்தி படாது.

கேட்டே விட்டேன். "ஜட்டி இறுக்கத்துனால வந்துதுங்களா டாக்டர்?"

பிரபுவின் அப்பா ஜன்னலைப் பார்த்தார். டாக்டர் சிரிக்கவில்லை. "இல்லீங்கம்மா. குழாய்க்குள்ள வால்வு சரியா மூடறதில்லீங்க. யாரு மேலயும் தப்பில்ல."

"பின்னால கொழந்த குட்டி..."

"அதுக்குத்தானுங்க இப்பவே பண்றோம். பெரும்பாலும் நல்லா வளந்துக்கும். அப்பப்ப அளந்து பாக்கலாம்."

உள்ளே போகும்போது பிரபு அப்பா கையைப் பிடித்துக்கொண்டான். என்னைப் பார்க்கவில்லை. வலித்தது.

மத்தியானம் வெளியே வந்தான். தோள் வலி என்று முனகல். ஆபரேஷன் வயிற்றில், வலி தோளிலா? நர்ஸிடம் ஓடினேன். "வயித்துல அடச்ச காத்துங்க்கா. தானாப் போயிரும்." தோளை நீவிக்கொண்டே இருந்தேன். கையைத் தட்டிவிடவில்லை.

26, வெள்ளி

டிஸ்சார்ஜ். நர்ஸ் சொன்னது: சைக்கிள் கூடாது, விளையாட்டு கூடாது, தாங்கிப் பிடிக்கிற மாதிரி ஜட்டி போட வேண்டும்.

பையைத் திறந்தால் எல்லாம் தொளதொள. நாடா தொங்குகிறது.

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்புள்ள, ஒண்ணக்கூட விட்டு வெக்கலியா?"

பிரபு ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எதுக்கும்மா பிரிச்ச?"

"நாந்தான் இறுக்கித் தச்சு உனக்கு இப்படி ஆயிருச்சுன்னு நெனச்சேன் கண்ணு."

அவர் கீழே போய்க் கடையில் ஒன்று வாங்கி வந்தார். கார் பல்லடம் தாண்டும்போது பிரபு என் மடியில் தலை வைத்தான். "கடை ஜட்டி குத்துதும்மா. ஊட்டுக்குப் போயித் தச்சுக் குடு."

27, சனி

லீவு. காலையில் மழைத் தூறல். கம்பெனி அளவுக்கே எலாஸ்டிக் வைத்து ஒன்று தைத்தேன். வாங்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ரசம் வைத்தேன். கொத்தமல்லி இல்லை.

கதவு திறந்தது. லுங்கியைக் கொஞ்சம் இறக்கிக் கட்டியிருந்தான். சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான்.

"அம்மா, பிளாஸ்டர்ல எலாஸ்டிக் உரசுதான்னு பாரு."

கிட்டே போய்ப் பார்த்தேன். உரசவில்லை. நடுவே ஒரு விரல் இடம் இருந்தது.