தோட்டத்து மரவள்ளியும் உங்கள் அடுப்பும்

அக்கா,

இன்று காலை மருமகள் தள்ளுவண்டிக்காரரிடம் மரவள்ளிக்கிழங்கு வாங்கி வந்தாள். மண் காயாத கிழங்கு. உருளைக்கிழங்கு சீவுவதுபோல் சீவிப் பார்த்துவிட்டு, முடியாமல் என்னிடம் நீட்டினாள். நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு, விரலை நுழைத்துத் தோலைச் சுருட்டி எடுத்தேன். உள்தோலின் ரோஸ் நிறம் கண்ணில் பட்டு, அந்தப் பச்சைப் பால் வாசனையும் மூக்கில் ஏறியதும் என் கை நின்றுவிட்டது. "இன்னா அத்தை, கையைக் கீறிக்கினீங்களா?" என்று அவள் பதறினாள். ஒன்றுமில்லை என்றேன். உங்களைப் பற்றி அவளுக்கு எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது?

அறுபதுகளின் தொடக்கம் அது. புருஷனைப் பறிகொடுத்து நீங்கள் சாலவாக்கத்துப் பக்கம் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியபோது, வண்டியில் ஒரு டிரங்குப் பெட்டியும் அதன்மேல் சாக்கில் சுற்றிய ஒரு கட்டுக் குச்சியும் இருந்தன. விறகு என்று நினைத்தேன். கணவன் வீட்டிலிருந்து விறகு கொண்டுவருகிறவளும் உண்டா என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். மறுநாள் விடிந்ததும் நீங்கள் தோட்டத்தைக் கொத்திக்கொண்டிருந்தீர்கள். அந்த மரவள்ளிக் குச்சிகளைச் சாண் சாணாக வெட்டி, கணு மேலே பார்க்க நட்டீர்கள். அப்புறம் ஓரத்தில் சர்க்கரைவள்ளிக் கொடி, கிணற்றுத் தண்ணீர் ஓடும் இடத்தில் வாழை, மிச்ச இடத்தில் வேர்க்கடலை.

உங்கள் தம்பிக்கு அது பிடிக்கவில்லை. என் வீட்டுக்காரர் அதிர்ந்து பேசமாட்டார், உங்களுக்குத் தெரியும். வேலியோரம் நின்று மெதுவாகத்தான் கேட்டார்.

"ஏங்கா, கத்திரி, வெண்டை, கீரைன்னு போட்டீன்னா கொழம்புக்கு ஆவும். இது இன்னாத்துக்கு?"

"கத்திரிக்கா போட்டா அதுக்குச் சோறு நீ போடணும்டா. கீரைக்கும் சோறு வோணும். இது தனியாவே வயித்த ரொப்பும்" என்றீர்கள், மண்வெட்டியை நிறுத்தாமல்.

எனக்கு எரிந்தது, அக்கா. முதல் கிழங்கு இறங்கியதும் தோட்டத்து மாட்டுக்கொட்டகைச் சாய்ப்பில் மூன்று கல் வைத்துத் தனியாக அடுப்பு மூட்டிவிட்டீர்கள். ஊர் வாயை யார் மூடுவது? நாத்தனாருக்கு ஒரு பிடி சோறு போட மனசில்லாதவள் என்று என்னைத்தானே சொல்லும்? சொல்லவும் சொன்னார்கள். குளத்தில் துணி துவைக்கும்போது என் காதுபடவே பேசினார்கள். உங்களிடம் வந்து அழுதால், சூடாக ஒரு துண்டுக் கிழங்கை ஊதி என் வாயில் வைத்து, "சண்டைய அப்பறம் போடு, ஆறிடும்" என்பீர்கள். உங்களிடம் முழுசாகக் கோபித்துக்கொள்ளக்கூட விடமாட்டீர்கள்.

பிறகு மழை ஏமாற்றிய வருஷம் வந்தது. ஏரியில் மாடு முங்கத் தண்ணீர் இல்லை. நடவு கருகிப் போயிற்று. அடுத்த ஆடியில் எங்கள் நெற்குதிரைத் தட்டினால் வெறும் சத்தம்தான் வந்தது. ரேஷனில் போட்ட கோதுமையை என்ன செய்வதென்று தெரியாமல் கஞ்சியாகக் காய்ச்சினேன். பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. உங்கள் தோட்டத்தில் மட்டும் மரவள்ளி ஆளுயரம் நின்றது. ஒரு செடியைப் பிடுங்கினால் அதன் குச்சியை அங்கேயே திரும்ப நட்டுவிடுவீர்கள், அதனால் மண்ணுக்குள் எப்போதும் ஏதோ ஒன்று இருந்தது.

வெட்கத்தை விட்டு முறத்தோடு வந்தேன். "ரெண்டு கெழங்கு குடுங்கக்கா, நான் வேவ வெச்சிக்கறேன்."

"குடுக்க மாட்டேன். பசிச்சா எல்லாரும் இங்க வந்து ஒக்காந்து துண்ணுங்க. எத்தினி நாளு உன் வூட்ல நான் துண்ணேன், நான் இன்னா கொறஞ்சா பூட்டேன்?"

முறத்தை வீசிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் பசிக்கு முறைப்பு தெரியுமா? பிள்ளைகள் அன்றைக்கே ஓடிவந்தன. மறுநாள் நானும் வந்தேன். உங்கள் தம்பிதான் வரவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிக் கஞ்சித் தண்ணீரையே குடித்துக்கொண்டு வெயிலில் வேலைக்குப் போனார். கன்னம் ஒட்டிப்போயிற்று. ஒரு நாள் கிணற்றடியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். பயத்தில் உங்களிடம் கத்தினேன்: "ஒங்க வீராப்பு ஒரு பக்கம், அவரு வீராப்பு ஒரு பக்கம், நடுவுல நான் சாவறேன்!"

நீங்கள் கோபிக்கவில்லை. "நான் வந்த அன்னிக்கு அவன் வாசல்ல நின்னு வான்னு கூப்ட்டாம்மா. நானும் அப்பிடிக் கூப்டத்தான் பாத்துக்கினு கீறேன்" என்றீர்கள்.

உடனே புடவையை மாற்றிக்கொண்டு வந்து, கூடப் பிறந்தவரை ஊர்க்காரரைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டீர்கள். "தம்பி, இன்னிக்கு எங்க வூட்ல சாப்பாடு. வந்துட்டுப் போணும்."

எங்க வூட்ல. அந்தச் சொல்லைக் கேட்டு அவர் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்தார். கால் கழுவச் செம்பில் தண்ணீர் கொடுத்தீர்கள். பலகை போட்டு, உங்கள் வாழையின் இலையை விரித்து, தாளித்த கிழங்கும் வேர்க்கடலைத் துவையலும் வைத்தீர்கள். தலை நிமிராமல் சாப்பிட்டவர், இலை காலியானதும் சொன்னார்: "இன்னும் ரெண்டு வையிக்கா."

அந்த ஐப்பசி நன்றாகப் பெய்தது. தையில் புது நெல் வீட்டுக்கு வந்தது. இனி எல்லோருக்கும் ஒரே உலைதான், அவர் தோட்டத்தைத் திரும்ப வாங்கிக் கத்திரிக்காய் போட்டுவிடுவார் என்று நினைத்தேன். உங்களுக்கும் அந்தப் பயம் இருந்திருக்க வேண்டும். அந்த வாரம் முழுக்கக் காலி இடத்திலெல்லாம் குச்சி நட்டுக்கொண்டே இருந்தீர்கள்.

பொங்கலன்று அவர் ஒரு பெரிய தட்டில் புது அரிசி, வெல்லம், ஒரு சேலை எல்லாம் அடுக்கிக் கரும்பையும் எடுத்துக்கொண்டார். நான் தோட்டத்துக் கதவைத் திறந்துவிட்டேன்.

"அந்த வயியா வாணாம்" என்றார்.

தெருவாசல் வழியாக இறங்கி, தெரு முழுக்க நடந்து, சந்தில் திரும்பித் தோட்டத்தின் பின்வேலிக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். பக்கத்து வீட்டம்மாள், "சீரு எந்த ஊருக்குப் போவுது?" என்றாள்.

"எங்க அக்கா வூட்டுக்கு."

நீங்கள் வேலிப்படலைத் திறந்து நின்றீர்கள். அடுப்புச் சாம்பல் கையோடு தட்டை வாங்கி, அதை இறக்கி வைக்கத் தோன்றாமல் அழுதீர்கள். நானும் அழுதேன். சீர்த் தட்டை வெறுமனே திருப்பித் தரக்கூடாதே என்று, அப்போதே ஒரு செடியைப் பிடுங்கிக் கிழங்குகளை மண்ணோடு அதில் வைத்துத் தந்தீர்கள். அன்று சாயங்காலம் அதை என் அடுப்பில் வேக வைத்தேன்.

நீங்கள் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாயிற்று, அவரும் போய்விட்டார். எனக்கு மகன் வீட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால், "அவளுக்கு இன்னா, தம்பி வூட்ல மூணு வேளை சோறு கெடைக்குது" என்று யாராவது ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னால் இந்த வயசிலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. மருமகள் என்ன நினைப்பாளோ என்றுகூடப் பார்க்காமல் கேட்டுவிடுகிறேன்: "அவ அடுப்பு எங்க கீது?"