பிள்ளைகள் கட்டத்தில் சைபர்

செர்காம், மலாக்கா
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் ஹரிதாசுக்கு,

இங்கே நானும் அண்ணியும் தங்கச்சியும் பிள்ளைகள் இரண்டு பேரும் மேலுக்கு ஒன்றும் இல்லாமல் நன்றாக இருக்கிறோம், கடல் தாண்டிப் பிந்துலுவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருக்க வேண்டும் என்று மாரியம்மனிடம் கேட்டுக்கொண்டுதான் இதைத் தொடங்கச் சொன்னேன். எழுதுவது உன் தங்கச்சி அனுசியா. கண் ஆபரேஷன் செய்த டாக்டர் கொஞ்ச நாளைக்குக் குனிந்து எந்த வேலையும் செய்யக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், அதனால் நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். என் பேச்சை அப்படியே எழுத மாட்டாளாம், நல்ல தமிழில் திருத்தித்தான் எழுதுவாளாம். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவளுக்கு அந்த ஆசையாவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். போனிலேயே பேசலாமே என்று நீ கேட்பாய். போன வாரம் பேசினோமே, அது பேச்சா. நீ கத்தினாய், நான் கத்தினேன், நீ வைத்துவிட்டாய். கடிதம் என்றால் கடைசி வரி வரைக்கும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கண் இப்போது நன்றாகத் தெரிகிறது. எதிர் வீட்டுச் சுவரில் இவ்வளவு விரிசல் இருப்பது இப்போதுதான் தெரிகிறது, நம் வீட்டுச் சுவரையும் பார்த்தேன், அதைப் பற்றி இன்னொரு நாள் சொல்கிறேன். புவனேசுக்கு முன்பல் விழுந்துவிட்டது, சித்தப்பாவுக்கு அனுப்ப வேண்டும் என்று தாளில் மடித்து வைத்திருக்கிறான், பார்சலில் வந்தால் பயந்துவிடாதே. தேவிஸ்ரீ வகுப்பில் மலாய் நன்றாகப் படிக்கிறாள் என்று வாத்தியாரம்மா சொன்னார். அண்ணி பள்ளி கேண்டீனில் காலை வேலையோடு இப்போது மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கும் சமைக்கிறாள், கைக்கு ஓய்வில்லை. அனுசியா மெர்லிமாவில் பிஸ்கட் பேக்டரிக்குப் போகத் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. அங்கேயும் வாயைத் திறப்பதில்லையாம், அவளுக்குப் பேச்சு வராது என்று நினைத்துக்கொண்டு ஒரு நேப்பாளப் பெண் கொஞ்ச நாள் கையால் ஜாடை காட்டிக்கொண்டிருந்தாளாம். இதை எழுதமாட்டேன் என்கிறாள். எழுதுடி என்றிருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ போனில் சொன்னதை முதலில் ஒருமுறை சொல்கிறேன், சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பார். வேலையில் சேர்ந்த அன்று ஆபீசில் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார்கள், இல்லை என்றாய். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார்கள், இரண்டு என்றாய். எழுதிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, வளர்ப்புப் பிள்ளைகளா என்று கேட்டாள், ஆமாம் என்றாய். பத்திரத்தைப் பிறகு கொண்டுவந்து கொடுங்கள் என்று சொல்லி அவள் எழுதிக்கொண்டாள். நீ பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். நம்மில் அண்ணன் பிள்ளை தன் பிள்ளைதான். உன் அண்ணன் செல்வம் போன அன்று வந்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும் இந்த இரண்டும் இனி என் பிள்ளைகள் என்று சொன்னவன் நீ, இன்று வரைக்கும் அந்தச் சொல்லில் குறை வைக்கவில்லை. இப்போது வருடக் கணக்கு முடிக்கிற நேரம், பத்திரம் எங்கே என்று கேட்கிறார்கள். இல்லையென்றால் பிள்ளைகள் என்ற கட்டத்தில் சைபர் என்று மாற்றி எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். அதற்குத்தான் நீ குதித்தாய். “எங்கண்ணன் பிள்ளைங்கள இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போடணுமாம்மா? வேலைய விட்டுட்டு வரேன். பழையபடி சுங்கை ஊடாங்ல கண்ட்ராக்டருகிட்டயே போறேன், கையில காசு வாங்குனமா வந்தமான்னு இருக்கலாம்லா, எத்தன பிள்ளன்னு எவனும் கேக்கமாட்டான்,” என்றாய். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன் என்பது உனக்குத் தெரியாது. அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து கெம்போங் கடையில் வாங்கி வந்த இறாலை உரித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இறாலை உரித்து முடித்தாள்.

நீ ஒவ்வொரு மாதமும் வெட்டுகிறான் வெட்டுகிறான் என்று சொல்லுவாயே, யார் வெட்டுகிறான், எதற்கு வெட்டுகிறான், வெட்டியது எங்கே போகிறது என்று நாம் யாரும் கேட்டதில்லை. இந்த முறை கேட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். நீ அனுப்பிய சம்பளச் சிலிப்பின் படத்தை அனுசியாவிடம் கொடுத்து, உன் பேக்டரியில் சம்பளம் போடுகிற அக்காவிடம் கேட்டுக்கொண்டு வா என்றேன். முடியாது என்று அழுதாள். பிறகு போனாள். அந்தப் பெண் பெயர் ஃபரிஹா, மலாக்கா டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம், நம் தமிழ்தான் பேசுகிறாள். இவளைப் பார்த்ததும், “ஏய், நீயா? ஒன் கொரலக் கேக்கணும்னா நான் இ.பி.எஃப். எடுக்குற வயசு வரைக்கும் காத்திருக்கணும்னுல்ல நெனச்சேன்,” என்று சிரித்தாளாம். அப்புறம் தன் சாப்பாட்டு நேரத்தில் உட்கார வைத்து உன் சிலிப்பையும் இவள் சிலிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லிக் கொடுத்தாளாம். இ.பி.எஃப். என்று வெட்டுவது எங்கேயும் போகவில்லை, கடைசிக் காலத்துக்கு உன் பெயரிலேயே சேர்கிறது, முதலாளியும் அவர் பங்குக்குப் போட வேண்டும். சொக்சோ என்று வெட்டும் சில வெள்ளி, வேலையில் உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் உனக்கும் உன்னை நம்பியிருப்பவர்களுக்கும். அதன் பக்கத்தில் இருக்கும் சின்னத் தொகை, வேலை போய்விட்டால் கொஞ்ச நாள் தாங்குவதற்கு. கடைசியாக பி.சி.பி. என்று இருக்கிறதே, அதுதான் வரி. வருடக் கடைசியில் மொத்தமாகக் கட்ட முடியாது என்று மாதம் மாதம் முன்கூட்டியே வெட்டி வைக்கிறார்கள், கம்பெனி அதில் ஒரு காசு சாப்பிடுவதில்லை. அனுசியா சிலிப்பில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது, அவள் சம்பளம் அந்த அளவுக்கு வரவில்லை. உன்னுடையது வருகிறது. அது எவ்வளவு என்று நீ சொன்ன விவரத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள், இரண்டு பிள்ளை என்று நீ சொன்னதால் குறைத்து வெட்டியிருக்கிறார்கள். அந்த வித்தியாசம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டதற்கு அந்தப் பெண் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, “மாசத்துக்கு அடுப்புக்கு வாங்குற ஒரு கேஸ் தோங் காசு வரும். இதுக்கா ஒங்கண்ணன் வேலைய விட்டுட்டுக் கடல் தாண்டி வரப் போறாரு?” என்றாளாம். இப்போதே திருத்திச் சொல்லிவிட்டால் விட்டுப்போனதை ஏப்ரலில் கணக்குக் கொடுக்கும்போது சேர்த்துக் கட்டிவிடலாம், தெரிந்த பிறகும் மாற்றாமல் விட்டால்தான் தொல்லை என்றும் சொன்னாளாம். இவ்வளவையும் அனுசியா வந்து ஒரே மூச்சில் சொன்னாள், அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

பணம் அல்ல உன் பிரச்சினை என்று எனக்குத் தெரியும். ஆனால் கண்ட்ராக்டரிடமே போகிறேன் என்று சொன்னாயே, அதை மட்டும் இன்னொரு தடவை உன் வாயால் நான் கேட்கக் கூடாது. அதே கண்ட்ராக்டரிடம் இருந்த உன் அண்ணன் சம்பளத்தில் யாரும் ஒரு காசு வெட்டவில்லை. முழுச் சம்பளம் முழுச் சம்பளம் என்று பெருமையாகக் கொண்டுவந்து என் கையில் கொடுப்பான். வேலைக்குப் போகிற வழியில் மோட்டாரை லாரி அடித்துவிட்டுப் போன பிறகு அண்ணி புவனேசை இடுப்பில் வைத்துக்கொண்டு சொக்சோ ஆபீசுக்குப் போனாள், நீதான் கூட்டிக்கொண்டு போனாய். அந்த மனிதர் திரும்பத் திரும்பத் தேடிப் பார்த்தார், அவன் பெயரே இல்லை. வெட்டியிருந்தால்தானே பெயர் இருக்கும். வெட்டாத முதலாளி அதற்குப் பிறகு போனையும் எடுக்கவில்லை. அதைப் பார்த்து நின்றவன் நீ, நீயே அங்கே திரும்பிப் போகிறேன் என்று சொல்லலாமா. உன் சிலிப்பில் சொக்சோ என்று எழுதியிருப்பதை இந்தப் புதுக் கண்ணால் பார்த்தபோது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று உனக்குத் தெரியாது.

போனில் கத்திய மறுநாள் நீ ஒரு செய்தி அனுப்பினாய். முறைப்படி தத்து எடுத்துப் பதிவிலாகாவில் பத்திரம் வாங்கிவிட்டால் இரண்டு என்றே இருக்கலாம் என்று ஆபீசில் சொன்னார்கள், அண்ணியைக் கேளுங்கள் என்று. எனக்கு அது நல்ல வழியாகத்தான் பட்டது. எப்படியும் நீதானே பார்க்கிறாய், பத்திரத்திலும் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தேன். நேற்று சமையல் முடிந்த பிறகு அண்ணியிடம் சொன்னேன். அவள் கை கழுவிவிட்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். அவள் சொன்னதையும் திருத்தாமல் எழுது என்று அனுசியாவிடம் சொல்லியிருக்கிறேன். “அத்தை, தம்பி செய்யறதுக்கு நான் தெனமும் சாமிகிட்ட அவர் பேரச் சொல்றேன். ஆனா பிள்ளைங்களுக்கு அப்பா பேரு இருக்கு. பிறப்புப் பத்திரத்துல திருச்செல்வம்னு இருக்கு. அவரு ஒரு வீடு வாங்கல, ஒரு நெலம் வாங்கல, சொக்சோவுலயும் அவரு பேரு இல்ல. அவரு இருந்தாருன்னு அரசாங்கத்துல எழுதியிருக்கறது அந்த ரெண்டு பத்திரத்துலதான். அதுலயும் வேற பேரு ஏறிடுச்சுன்னா அவரு எங்க அத்தை இருப்பாரு?” என்றாள். பிறகு அவளே, “தம்பிய சித்தப்பாவாவே இருக்கச் சொல்லுங்க. சித்தப்பா பேர எந்தப் பாரத்துலயும் கேக்க மாட்டாங்க, அதனால யாராலயும் அத அடிச்சுட்டு சைபர் போட முடியாது,” என்றாள். அப்புறம், “இப்பவே ரெண்டுன்னு எழுதி வச்சா நாளைக்குப் பொண்ணு குடுக்க எவன் வருவான்லா,” என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுந்து பின்பக்கம் போய்விட்டாள், வெகு நேரம் உள்ளே வரவில்லை.

அதனால் தம்பி, எனக்கு இப்போது ஒரு சந்தேகமும் இல்லை. அந்தக் கட்டம் யாருக்கு நீ சோறு போடுகிறாய் என்று கேட்கவில்லை, யாரை நெஞ்சில் வைத்திருக்கிறாய் என்றும் கேட்கவில்லை, பத்திரத்தில் யார் பிள்ளை என்றுதான் கேட்கிறது. சைபர் போட்டால் பிள்ளைகளை விட்டுவிட்டதாக நீ நினைக்கிறாய். உன் அண்ணனுடைய இடத்தை அவனுக்கே விட்டுக் கொடுக்கிறாய் என்று நான் நினைக்கிறேன். கடிதம் கிடைத்த மறுநாளே ஆபீசுக்குப் போ. அந்தப் பெண்ணிடம் குரலை உயர்த்தாதே, அவள் கேட்டதில் தப்பில்லை. என் அண்ணன் பிள்ளைகள், எனக்குப் பத்திரம் கிடையாது, மாற்றி எழுதுங்கள் என்று சொல்லிக் கையெழுத்துப் போடு. இனி எவ்வளவு வெட்டினாலும் வெட்டட்டும், வீட்டுக்கு அனுப்புவதில் அதைக் குறைத்து அனுப்பு, கடன் வாங்கிச் சரிக்கட்டாதே. இன்னொன்றும் ஃபரிஹா சொன்னாளாம், பெற்றவர்களின் வைத்தியச் செலவைப் பிள்ளை கட்டியிருந்தால் வரிக் கணக்கில் காட்டலாமாம். என் கண்ணுக்கு நீ கட்டிய கிளினிக் ரசீதுகளை இதோடு வைத்திருக்கிறேன், உன் பெயரில்தான் போட்டு வாங்கினோம், தொலைத்துவிடாதே. பிள்ளைகளுக்குத்தான் அங்கே இடமில்லை, அம்மாவுக்கு ஒரு இடம் வைத்திருக்கிறார்கள், அதில் என்னைத் தாராளமாக எழுதிக்கொள்.

பார்சலில் கறித்தூளும் இந்தப் பக்கத்துக் கருவாடும் இருக்கிறது, கருவாட்டைத் தனியாகக் கட்டியிருக்கிறேன், அறையில் கூட இருப்பவர்கள் முகம் சுளித்தால் அவர்களுக்கும் வறுத்துக் கொடு, பிறகு சுளிக்க மாட்டார்கள். ஹெல்மெட் போடாமல் மோட்டாரில் ஏறாதே. கையெழுத்தை ஞாபகமாகப் போடு, பிறகு பார்க்கலாம் என்று தள்ளாதே. நீ கால் வைத்த இடமெல்லாம் உனக்கு நல்லதாக அமையட்டும், உன் உடம்புக்கும் உன் வேலைக்கும் ஒரு குறையும் வராமல் ஆத்தா பார்த்துக்கொள்வாள்.

உன்னை எப்போதும் நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா பெரியநாயகி

அண்ணா, இது அம்மா சொல்லாதது, நானே எழுதுகிறேன். கேஸ் தோங் இனி என் சம்பளத்தில் வாங்கிக்கொள்கிறேன். வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஃபரிஹா அக்காவிடம் போய்க் கேட்டதைவிட இது எனக்குச் சுலபம். அப்புறம், சைபர் போட்டுக் கையெழுத்துப் போட்டதும் அதைப் படம் எடுத்து அனுப்புங்கள், எனக்கோ அம்மாவுக்கோ வேண்டாம், அண்ணிக்கு அனுப்புங்கள். தத்து என்று நீங்கள் அனுப்பிய செய்தியை அம்மா சொல்வதற்கு முன்பே அண்ணி அம்மா போனில் பார்த்துவிட்டார், அன்றிலிருந்து பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள் அலமாரியில் இல்லை. அவற்றைத் தன் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறார். படம் வந்துவிட்டால் திரும்ப வைத்துவிடுவார்.

அனுசியா