பன்னிரண்டு இடது கால்கள்

செவ்வாய், ஆக. 5

வெயில். பஸ் ஸ்டாண்டில் தார் இளகி ஒரு எருமை நாலு காலும் ஒட்டிக்கொண்டு நின்றது. கிரேன் வைத்துத் தூக்கினார்கள். கறந்தபோது பால் டீயாகவே வந்ததாகக் கேள்வி.

இந்த நோட்டை யார் கண்டெடுத்தாலும் சரி, வலது கையை ஒரு முழுத் தோல்மேல் வைத்துச் சத்தியம் செய்கிறேன்: இனி இதில் வரப்போகும் கதையை ஒரு ஜீவன் நம்பாது. நம்பினால் நான் பொறுப்பல்ல.

விஷயம் இதுதான். பழைய டிவி கேம் பெட்டி திரும்ப வருகிறது. எங்கள் இருபது வயதில் தட்டித் தட்டித் தேய்த்த அதே பெட்டி, அதே சிவப்புப் பொத்தான், இரண்டு பேருக்கு இரண்டு ரிமோட். உள்ளேயே முப்பது ஆட்டம். அதில் டாங்கி ஆட்டமும் உண்டு. ஒரே தடவைதான் தயாரிப்பார்களாம், அதுவும் கொஞ்சமாக. முன்பதிவு இன்று பகல் 12.00, இணையத்தில்.

எனக்கு எதற்கு? காரணம் என் மனைவி கலா. அவள் சித்தப்பா அந்தக் காலத்தில் மணிக்கணக்கில் வாடகைக்கு வீடியோ கேம் கடை நடத்தினார். கல்லாவில் கலா. கூட ஆட ஆளில்லாமல் வருகிறவர்களுக்கு எதிரே உட்கார்ந்து ஆடுவதும் கலாதான். ஆம்பூர், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி மூன்று ஊர் வாலிபர்களையும் டாங்கியில் வைத்துப் பொடியாக்கியவள். நான் பல நூறு முறை பொடியானவன். ஒரே ஒரு முறை ஜெயித்தேன் என்பது என் வாதம். கனவு கண்டிருப்பேன் என்பது அவள் வாதம். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷம், வழக்கு நிலுவையில்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் பெண் காலேஜ் விடுதிக்குப் போனதிலிருந்து வீட்டில் இரண்டு பேர், இரண்டு கைபேசி. "சாப்பாடு ஆச்சா", "மோட்டார் போட்டாச்சா". அவ்வளவுதான் பேச்சு.

பகல் 11.58. ஃபாக்டரி. நான் ஃபைனல் செக்கிங். ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறை சொல்வது உத்தியோகம். அங்கே கைபேசிக்குத் தடை. ஆகவே கழிப்பறை. கட்டைவிரலை ஒரு வாரமாகப் பழக்கி வைத்திருந்தேன். 12.00.00-க்கு அழுத்தினேன். அழுத்திய வேகத்தில் கண்ணாடி கீறி விரல் மறுபக்கம் வந்தது.

12.00.01: "இருப்பு இல்லை."

ஒரு நொடி! கொட்டாவி விடவே மூன்று நொடி வேண்டும்.

புதன், ஆக. 6

புழுக்கம். இன்னொரு இணையக் கடை. அங்கே நான் மனிதன்தானா என்று நிரூபிக்கச் சொன்னார்கள். நாற்பத்தொன்பது வருஷத்தில் மாமியார்கூடக் கேட்காத கேள்வி. படத்தில் பாலம் உள்ள கட்டங்களையெல்லாம் தொட வேண்டுமாம். தொட்டேன். தவறு. மறுபடி. தவறு. பாலாற்றங்கரைக்காரனுக்குப் பாலம் என்றால் அடியில் மணல். அவர்கள் தண்ணீரைக் காட்டுகிறார்கள். நான்காம் முறை மனிதன் என்று ஒப்புக்கொண்டார்கள். அதற்குள் இருப்பு இல்லை.

சாயங்காலம் டீக்கடை. பாபு வந்தான். 'பிளாக்' பாபு. ஒரு காலத்தில் தியேட்டர் வாசலில் பிளாக்கில் டிக்கெட் விற்றவன். பிறகு சிலிண்டர். இப்போது எது கிடைக்காதோ அது.

"இன்னாண்ணே, பொட்டி கெடச்சிதா?"

"உனக்கு?"

"எனக்கு இன்னா, ஊட்ல பதினோரு போனு. ஏழு மாட்டிச்சி. அண்ணனுக்குன்னா ஒண்ணு எடுத்து வெக்கிறேன். மூணு பங்கு வெல குடு, போதும்."

"மூணு பங்கா!"

"நாளைக்கு வந்தா நாலு. பேஜார் பண்ணாதண்ணே."

எழுந்து நின்றேன். "பாபு, பாலாத்துல வெள்ளம் வந்து, அதுல நீ பொட்டியத் தலமேல வெச்சிகினு மெதந்து வந்து, எவ்வாசல்ல நின்னு இனாமா நீட்டினாலும் உங்கிட்ட வாங்க மாட்டேன்!" என்று முழங்கினேன். டீக்கடை அதிர்ந்தது. பாய்லர் கொதிப்பதை நிறுத்தியது.

(டீ மாஸ்டர் சாட்சியம் வேறு. நான் "ஹூம்" என்றதாகவும், பஜ்ஜி ஒன்று எடுத்ததாகவும் சொல்கிறார்.)

கலாவிடம் சொன்னேன். கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமல், "மூணு பங்கு குடுத்துத் தோக்கணுமா? சும்மாவே தோக்கலாமே."

வாங்கியே தீருவேன். கடையிலே. கடை விலைக்கு. பிளாக்கில் ஒரு பொத்தான்கூட வாங்க மாட்டேன்.

வெள்ளி, ஆக. 8

தூறல், ஐந்து நிமிஷம். வெயிலுக்கு அது எண்ணெய் ஊற்றிய மாதிரி.

செய்தி! பஜாரில் இலியாஸ் பாய் எலக்ட்ரானிக்ஸ் கடைக்கு ஆறு பெட்டி வருகிறது. ஆறே ஆறு. நாளை காலை 10.00-க்கு டோக்கன். ஒருவருக்கு ஒன்று. போனில் கேட்டேன்.

"பாய், எனக்கு ஒண்ணு எடுத்து வையுங்களேன். இருவது வருஷப் பழக்கம்."

"அரே, ஆம்பூர்ல எனக்கு எல்லாரும் இருவது வருஷப் பழக்கம்தான். வரிசைல வாங்க."

மனுஷன் நேர்மையானவர். கோபம் வந்தது.

நாளைக்கு: லீவு சொல்ல / அலாரம் 5.00 / ஆதார் / தண்ணி பாட்டில் / செருப்பு.

செருப்பு முக்கியம். எங்கள் பக்கம் ரேஷன் ஆனாலும் ஆஸ்பத்திரி ஆனாலும் இதுதான் வழக்கம்: விடியலில் போய் வரிசையில் செருப்பை விட்டால் ஆள் நிற்பதற்குச் சமம். ஆள் எதிரே டீ குடிக்கலாம். செருப்பை ஒருவரும் தாண்டமாட்டார்கள்.

ஆனால் என் செருப்பு என் கையால் பொறுக்கிய தோல். ஜெர்மனிக்குப் போக வேண்டியது, என் மேலுள்ள பிரியத்தால் இங்கேயே தங்கிவிட்டது. அதைத் தெருவில் விட்டுவிட்டு எவனுக்கோ தாரை வார்ப்பதா? கலாவின் பழைய ரப்பர் செருப்பை எடுத்து வைத்துவிட்டேன். வாரில் ஊக்கு குத்தியது. ஒருவரும் தொடமாட்டார்கள். என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன்.

சனி, ஆக. 9

வானிலை பார்க்க நேரமில்லை.

கா. 5.40. இருட்டு பிரியவில்லை. கடை வாசலில் ஏற்கெனவே வரிசை. அதன் வால் சோளிங்கர் மலைப் படியில், நரசிம்மரைக் கும்பிட வந்தவர்களோடு கலந்துவிட்டது. (என் முன்னால் பதினாறு.) முதலில் அணைக்கட்டு என்ற ஊரிலிருந்து பைக்கில் வந்த ஒரு நிலக்கடலை விவசாயி. அவருக்குப் பின்னால் வரிசையாகப் பன்னிரண்டு ஷூ. ஜோடி இல்லை, ஒற்றை ஒற்றையாக. அப்புறம் ஒரு காலேஜ் பெண், ஒரு வெல்டர், ஒரு நர்ஸ். பதினேழாவது, ஊக்கு குத்திய ரப்பர் செருப்பு.

பன்னிரண்டு ஷூவும் யாருடையவை? எதிர்த் தின்பண்டக் கடை பெஞ்சில் பாபு.

"நம்ம தோஸ்துங்க பன்னெண்டு பேருண்ணே. டீ குடிக்கப் போய்ட்டாங்க."

ஒற்றையாக வைத்தால் எவனும் திருடமாட்டான் என்ற கணக்கு. இது எனக்குத் தோன்றவில்லையே என்று உள்ளே ஒரு பொறாமை.

ஆறு பெட்டி, என் இடம் பதினேழு. வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. தோற்றாலும் நின்று தோற்பேன்.

10.00. ஷட்டர் ஏறியது. தோஸ்துகள் ஒருவரும் வரவில்லை. "எல்லார் டோக்கனும் எங்கிட்டயே குடுங்க பாய்" என்கிறான் பாபு. வரிசையில் முணுமுணுப்பு. நான் சும்மாதான் ஒரு ஷூவை எடுத்தேன். கை அரிப்பு, ஷூவைக் கண்டால் திருப்பிப் பார்க்காமல் இருக்க முடியாது. அடிப்பாகம் பளபள. மண்ணை மிதிக்காத ஷூ. சைஸ் 42. இடது.

அடுத்தது. 42. இடது.

அதற்கடுத்தது. பன்னிரண்டையும் பார்த்தேன். பன்னிரண்டும் 42. பன்னிரண்டும் இடது.

சென்னையாக இருந்தால் பாபு தப்பித்திருப்பான். இது ஆம்பூர். ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுப் பையருக்கு அனுப்புகிற சாம்பிள் ஒற்றைக் கால்தான் தைப்போம் என்பது இங்கே தொட்டில் குழந்தைக்கும் தெரியும். எவனோ ஒரு சாம்பிள் ரூமிலிருந்து மூட்டையாக அள்ளி வந்திருக்கிறான்.

"பாபு, உந்தோஸ்துங்க பன்னெண்டு பேருக்கும் ஒரே சைஸா?"

"ஒரே குடும்பம்ணே."

"குடும்பத்துக்கே எடது காலு மட்டும்தானா?"

வரிசை சிரித்தது. அந்தச் சிரிப்பில் காவேரிப்பாக்கம் ஏரியில் அலை எழுந்து இரண்டு மீன் கரையில் விழுந்தன. வெல்டர் கத்தினார்: "நொண்டியடிச்சிகினேவா டீ குடிக்கப் போனாங்க?"

அப்போது நான் ஸ்டூல்மேல் ஏறி (ஏறவில்லை, ஸ்டூல் இல்லை) சட்டம் ஒன்று பிறப்பித்தேன்: "எவன் செருப்போ அவன் காலு அதுல போவணும்! போனாத்தான் டோக்கன்!"

இலியாஸ் பாய் ஒரு நிமிஷம் தாடியைத் தடவினார். "பஸ், போதும். இது நியாயம். செருப்புல கால வையி, டோக்கன் வாங்கு. எல்லாருக்கும் இதான்."

பாபு ஒரு ஷூவில் காலை விட்டான். சேர்ந்தது. ஒரு டோக்கன் கொடுத்தார்கள். அவனிடம் இருந்த இடது கால் அது ஒன்றுதான். மிச்சம் பதினொன்றையும் கோணியில் அள்ளிக்கொண்டு ஓரமாக நின்றான்.

விவசாயி, பாபு, காலேஜ் பெண், வெல்டர், நர்ஸ். ஐந்து. ஆறாவது நான்! என் சட்டம், என் வெற்றி, என் பெட்டி. நெஞ்சு நிமிர்ந்ததில் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது.

"ம், கால வையுங்க" என்றார் பாய்.

கீழே பார்த்தேன்.

கலாவின் செருப்பு, சைஸ் 5. என் கால், சைஸ் 10.

விட்டேன். திருகினேன். ஊக்கு பெருவிரலில் குத்தியது. "அங்கிள், பாதிக் காலு ரோட்ல இருக்குது" என்றாள் காலேஜ் பெண். அங்கிளாம். பாபு கோணிமேல் உட்கார்ந்து சிரித்தான். "சட்டம்ணே, சட்டம்! இன்னா, இப்பவாச்சும் மூணு பங்குக்கு எடுத்துக்கிறியா?"

"ஊக்கு குத்தி செத்தாலும் மாட்டேன்டா!" இதை நிஜமாகவே கத்தினேன். தெருவே சாட்சி.

எனக்குப் பின்னால் நின்ற லாரி டிரைவர், "அப்போ நான்தானே பாய்?" என்றார். நியாயமான கேள்வி.

"பாய், செருப்பு எஞ்சம்சாரத்துது. அவ கால் வந்தா?"

பாய் யோசித்தார். "அஞ்சு பேருக்கும் பில் போட்டு முடியிற வரைக்கும் டைம். அப்பறம் டிரைவருக்கு."

கலாவுக்கும் ஷூ ஃபாக்டரிதான்; இன்று ஓவர்டைம், ஸ்டிச்சிங்கில். அவள் சூப்பர்வைசருக்குப் போன். ஒரு பில். இரண்டு பில். பாயின் பிரிண்டர் காகிதத்தைக் கடித்துக்கொண்டு நின்றது. அந்தப் பிரிண்டருக்குக் கோடி புண்ணியம். மூன்று. நான்கு. தெருமுனையில் ஷேர் ஆட்டோ. ஏப்ரன் கழற்றாமல், விரலில் பசை காயாமல், கலா.

"இன்னாங்க ஆச்சு காலுக்கு? 'புருசன் காலு மாட்டிகிச்சி'ன்னு சொல்லி கேட் பாஸ் குடுத்தாங்க. நான் மெஷின்ல மாட்டிகிச்சின்னு பதறிகினு ஓடியாறேன்!"

"மெஷின்ல இல்ல கலா. உஞ்செருப்புல."

வரிசை முழுவதையும் ஒரு பார்வை பார்த்தாள். என்னை இரண்டு பார்வை. பிறகு காலில் போட்டிருந்ததை உதறிவிட்டு, ஊக்குச் செருப்பில் காலை வைத்தாள். வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது.

"டோக்கன் யார் பேருக்கு?" என்றார் பாய்.

"எங்காலுதானே போச்சி? எம்பேருக்கே போடுங்க."

லாரி டிரைவர் வெறுங்கையோடு போனார். அது மட்டும் கொஞ்சம் உறுத்தியது. பாபு அவர் பின்னாலேயே ஓடினான்: "மூணு பங்குண்ணே, உங்களுக்குன்னா ரெண்டரை..." டிரைவர் திரும்பி, "எடது காலால ஒண்ணு குடுக்கட்டா?" என்றது இங்கே வரை கேட்டது.

ஞாயிறு, ஆக. 10

மேகமூட்டம். கறிக்கடை. பிறகு நேராக டிவி. குழம்பு ஒரு மணி நேரம் கொதித்ததை யாரும் கவனிக்கவில்லை. துண்டெல்லாம் தோலாகவே பதமாகியிருந்தது.

கலா நாக்கு நுனியை உதட்டோரம் வைத்துக்கொண்டுதான் சுடுவாள். கல்லாவில் உட்கார்ந்தபோதும் அப்படித்தான். மறந்தே போயிருந்தேன்.

கைபேசி இரண்டும் அரிசி டப்பாமேல். பெண் நாலு தடவை கூப்பிட்டு, பயந்துபோய்ப் பக்கத்து வீட்டுக்கு அடித்திருக்கிறாள். அந்த அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது காதில் விழுந்தது: "ஒண்ணும் இல்லம்மா. உங்கப்பனும் ஆத்தாளும் குண்டு போட்டுகினு இருக்காங்க."

சா. 6 வரை 21 ஆட்டம். கலா 20. நான் 1.

பதினான்காவது ஆட்டம். என் டாங்கி செங்கல் சுவருக்குப் பின்னால் பதுங்கி, அவளுடையது திரும்புகிற நேரம் பார்த்து, ஒரே குண்டு.

"விட்டுக் குடுத்தியா?"

"உங்களுக்கா? நானா?" ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்த ரிமோட்டு சரியில்ல. உங்கள்து குடுங்க."

ரிமோட்டைக் குறை சொன்னாள்! இருபத்து மூன்று வருஷத்தில் முதல்முறை!

மேலே எழுதியதில் யாருக்கு எது பிடிக்கவில்லையோ அதைக் கழித்துக்கொள்ளலாம், நான் சண்டைக்கு வரமாட்டேன். பதினான்காவது ஆட்டம் மட்டும் நிஜம்.