மடங்காத கை

மார்ச் 4
டீ ஆறிவிட்டதாம். அதற்கு ஓர் அறை. ஆனால் இன்று அடித்த மாத்திரத்தில் அவரே ‘ஐயோ’ என்று வலது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில், அடித்தவர் அழுது பார்த்தது இதுதான் முதல் தடவை. நடுவிரல் அடியிலிருந்து நுனிவரை வெள்ளரிப் பிஞ்சாக வீங்கியிருக்கிறது. எனக்குக் கன்னம் எரிந்தது, சிரிப்பும் வந்தது. குளியலறைக்குள் போய்ச் சிரித்தேன்.

மார்ச் 11
லாரிப் பட்டறையில் ஸ்பானரைப் பிடிக்க முடியவில்லை என்று பாதி நாளில் வந்துவிட்டார். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் விரல்கள் விறைத்துக் கிடக்கின்றன. குதிகாலிலும் வலி. ஏழு நாளாக அடி இல்லை. எங்கள் ஒரே பெண் சின்னவள் சாப்பிடும்போது பள்ளிக்கூடக் கதை சொன்னாள். அப்பா முன்னால், வாய் திறந்து!

மார்ச் 19
மூட்டு டாக்டரம்மாவிடம் போனோம். ரத்தத்தில் முடக்குவாதத்துக்கான அறிகுறி இல்லை, யூரிக் அமிலமும் சரியாம்.

“தோல்ல எங்கயாவது செதில் செதிலா இருக்கா?” என்று கேட்டார். இல்லவே இல்லை என்றார் இவர்.

இரண்டு முழங்கையிலும் வெள்ளைச் செதில். காதுக்குப் பின்னால் முடிக்குள்ளும். தெரிந்தால் ஒருவரும் கிட்டே சேர்க்க மாட்டார்கள் என்று முழுக்கைச் சட்டையாகவே தைக்கச் சொல்வார். தையல்காரி நான்தானே. டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

பயம்தான் காரணம் என்று எழுத வந்தேன். யாரிடம் பொய் சொல்கிறேன்? இந்தக் கை இப்படியே கிடக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

மார்ச் 27
கை போனால் என்ன, கால் இருக்கிறதே. என்னை எட்டி உதைத்தான். குதிகால் வலியில் அவனே விழுந்தான். நான்தான் தூக்கிவிட்டேன். ஏன் தூக்கினேன்? எனக்கு மூளை இருக்கிறதா இல்லையா?

ஏப்ரல் 2
வலியில் சுவரில் தலையை முட்டிக்கொண்டு, “வெட்டிப் போட்டுடுடி இந்தக் கைய” என்று கதறினார். கேட்க முடியவில்லை. பாவி, நான்தானே மறைத்தேன்.

ஏப்ரல் 3
எக்ஸ்ரேயில் எலும்பு ஓரம் அரிக்கத் தொடங்கியிருக்கிறது. இனியும் தள்ளினால் விரல் கோணியது கோணியதுதான் என்றார் டாக்டரம்மா. நகங்களைத் திருப்பிப் பார்த்தார், ஊசி குத்தியதுபோல் குழி குழியாக இருந்தன. செதில் உண்டா என்று மறுபடி கேட்டார். இவர் வாயைத் திறக்குமுன் நான் எழுந்து சட்டைக் கையைச் சுருட்டிவிட்டேன்.

“சொரியாசிஸ். அதுதான் மூட்டையும் பிடிச்சிருக்கு. இது யாருக்கும் ஒட்டாது. இதுக்கா இவ்வளவு நாள் மறைச்சீங்க?”

வீட்டுக்கு வந்ததும், மானத்தை வாங்கிவிட்டேன் என்று அடித்தான். இடது கை ஒன்று இருப்பதை மறந்தே போனேன்.

ஏப்ரல் 9, வியாழன்
மாத்திரை வாரத்தில் ஒரே நாள்தான், வியாழக்கிழமை. மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. குடி கூடவே கூடாது என்றதும் இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து என்று மருந்துக்கடைக்காரர் மூன்று தடவை சொன்னார். அட்டையைப் பிரிக்க இவர் விரலால் முடியாது. எல்லாம் என் கையில்தான்.

ஏப்ரல் 21, செவ்வாய்
உதடு கிழிந்துவிட்டது. சின்னவளையும் பிடித்துத் தள்ளினான், கதவில் மோதி நெற்றி புடைத்திருக்கிறது.

மாத்திரை என் உள்ளங்கையில் இருந்தது. கிழமையெல்லாம் அவனுக்கு எங்கே தெரியும், கொடுத்ததை முழுங்குவான். இன்று ஒன்று, நாளை ஒன்று — எவ்வளவு நேரம் நின்றேனோ.

“இன்னிக்கு வியாழனாம்மா?” என்றாள் சின்னவள்.

இல்லை என்று டப்பாவில் போட்டு மூடினேன். இவனுக்காக நான் ஜெயிலுக்குப் போவதா? வீட்டைவிட்டுப் போனால் போதாதா?

மே 2
கல்லானாலும் கணவன் என்றாள் அக்கா. கல் தானாக எழுந்து வந்து அடிக்காது என்றேன். போனை வைத்துவிட்டாள்.

மே 3
அக்காவே கூப்பிட்டாள். அவள் தெருக்கோடியில் ஒரு மாடி அறை ஜூலையில் காலியாகிறதாம்.

ஜூலை 2
வீக்கம் நன்றாக வடிந்துவிட்டது. செதில்கூட உதிர்ந்து தோல் தெளிந்திருக்கிறது. கையை மடக்கச் சொன்னார் டாக்டரம்மா. மடக்கினார். முழு முஷ்டி. டாக்டரம்மாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். இவர் அதை என் பக்கம் திருப்பிக் காட்டிச் சிரித்தார். சின்னவள் என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

ஜூலை 6
அவர் பட்டறைக்குப் போனதும் கிளம்பிவிட்டோம். தையல் மெஷின், இரண்டு பை, சின்னவள். நாட்காட்டியில் வியாழன்தோறும் வட்டம் போட்டு, மாத்திரை டப்பாவை அதன் கீழே வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 19
போன் வந்தது. குரலில் தேன் ஒழுகியது.

“கை சரியாயிடுச்சு. முழு நாள் வேலை பாக்கறேன். கோபமெல்லாம் விட்டுட்டு வந்துடு.”

“கை சரியானதாலதான் வரல,” என்றேன்.

மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.