எடைக்கு எடை ரொட்டி

2025 மே 5, திங்கள்

இன்று மறுபடியும் தூங்கிவிட்டேன். கட்டிலில் இல்லை. கெலாங் பாத்தா சிக்னலில், ஸ்டீரிங்கைப் பிடித்தபடி, ஃபேக்டரிப் பெண்களை வேன் நிறைய ஏற்றிக்கொண்டு. முன்சீட்டு லோஷினிதான் தோளில் ஓங்கி அடித்தாள். "அங்கிள், பச்சை லா!" பின்சீட்டுக்காரிகள் உடனே பாட ஆரம்பித்தார்கள். என்னை விழித்திருக்க வைப்பதற்கு அவர்களாகவே முறை போட்டுக்கொண்ட ஏற்பாடு. ஒருத்திக்கும் சுருதி கிடையாது. அதனால்தான் கொஞ்சம் பயன்.

சிரிப்பாக எழுதிவிட்டேன். சிரிப்பில்லை. பிரேக்கிலிருந்து கால் நழுவியிருந்தால்?

மே 12, திங்கள்

டாக்டரிடம் போனேன். இரவில் குறட்டையோடு மூச்சு அடைக்கிறதாம், அதனால்தான் பகல் தூக்கம். காரணம் உடம்பு எடை. ஜூன் பத்தாம் தேதி வயிற்றைச் சிறிதாக்கும் ஆபரேஷன். ஆனால் அதற்குள் எடை குறைந்தாக வேண்டும், கல்லீரல் முழுக்கக் கொழுப்பு. குறையாவிட்டால் தேதி போய்விடும், அடுத்த வருஷம்தான். அதுவரை வேனைத் தொடக்கூடாது. சாவியை மாற்று டிரைவர் விஜயனிடம் கொடுத்தேன். முதலாளி அவனை நிரந்தரமாக வைத்துக்கொள்ள ஒரு வருஷம் தாராளம்.

உணவு ஆலோசகர் வாசுகி என்று ஒரு பெண். முட்டை, மீன் முதலில், சோறு கடைசியில். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். "இப்பவே பழகிக்கங்க அங்கிள். வயித்த நாங்க வெட்டிருவோம், பழக்கத்த வெட்ட முடியாது."

இரவு டீஸ்பூனால் சாப்பிட்டேன். எவ்லின் என் முகத்தைப் பார்க்காமல் சிரித்தாள். பெண்டாட்டி என்று பேர்!

மே 17, சனி

எங்கள் வட்டாரக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் அன்பியத்தின் தலைவர் அமலதாஸ் அண்ணனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. என் எடை குறைய நவநாள் செபம். ஒன்பது நாள், ஒன்பது வீடு. இன்று அவர் வீட்டில் ஆரம்பம். செபம் இருபது நிமிஷம், சாப்பாடு ஒன்றரை மணி நேரம்.

மே 20, செவ்வாய்

நாலாவது வீடு. ஆட்டுக்கறி. வேண்டாம் என்றால் அந்த வீட்டு அக்கா முகம் சுருங்குகிறது. "ஆபரேஷனுக்கு அப்புறம் இதெல்லாம் எங்க சாப்பிடப் போறீங்க? இன்னும் ரெண்டு துண்டு வைங்க இவருக்கு." தூக்குக்குப் போகிறவனிடம் கடைசி ஆசை கேட்பதுபோல் எல்லோரும் பார்க்கிறார்கள். நானும் ஆசையைச் சொல்லித் தொலைக்கிறேன்.

மே 21, புதன்

கரிபாப். கிழங்குக் கறி அடைத்து, எண்ணெயில் பொரித்து, சுடச்சுட. இதற்கு மேல் எழுத முடியவில்லை.

மே 23, வெள்ளி

எடை ஏறியிருக்கிறது. வாசுகி தராசைத் தட்டிப் பார்த்தார். என்னை இறங்கி ஏறச் சொன்னார். தராசு அதையேதான் சொன்னது.

"என்ன அங்கிள் நடந்துச்சு?"

"செபம்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஜூன் ஐந்தாம் தேதி கடைசியாக நிறுத்துப் பார்ப்பார்களாம். வெளியே வந்தால் ரோட்டில் என் வேன் போகிறது, விஜயன் ஓட்டுகிறான். அழுகை வந்தது. நாப்பத்தெட்டு வயசு ஆம்பள, பஸ் ஸ்டாப்புல நின்னு... யார்கிட்ட சொல்றது இத?

மே 24, சனி

இதை யாரும் நம்பமாட்டார்கள்.

எட்டாவது வீடு. அடுப்பில் கோழிப் பிரட்டல், வாசனை அருள்நிறை மந்திரத்தையே கலைக்கிறது. மன்றாட்டு நேரம் வந்தது. ஒவ்வொருவராகச் சத்தமாக வேண்டுதல் சொல்ல, மற்றவர்கள் பதில் சொல்வார்கள். என் முறை வந்ததும் எழுந்து நின்றேன். எப்படித் தைரியம் வந்ததோ.

"ஆண்டவரே, இந்த நவநாளில் எந்த வீட்டிலும் என் முன்னால் சாப்பாடு வராமல் காத்தருளும். இவர்களையும் என்னோடு சேர்ந்து கட்டுப்பாடாக இருக்கச் செய்தருளும். ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

மொத்த வீடும், பழக்க தோஷத்தில், ஒரே குரலில்: "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

பிறகுதான் தாங்கள் என்ன கேட்டுவிட்டோம் என்று அவர்களுக்கு உறைத்தது. சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. அமலதாஸ் அண்ணன் மெல்லக் கண்ணைத் திறந்தார்.

"அலமாக்! வாயால கேட்டாச்சே தம்பி. இனிமே எப்படிப் பரிமாறுறது?"

கோழி அப்படியே ஃபிரிட்ஜுக்குள் போனது. இதுவரை நடந்த நவநாள் செல்லாது என்றும், நாளையிலிருந்து புதிதாக ஒன்று தொடங்குவதாகவும் அண்ணன் அறிவித்தார்.

மே 28, புதன்

செபம் முடிந்ததும் எல்லோருக்கும் டம்ளரில் என்னுடைய புரோட்டீன் பால், தொட்டுக்கொள்ள வெள்ளரிக்காய். இருபது பேர் சுவரைப் பார்த்தபடி மென்றுகொண்டிருந்தோம். அண்ணனுக்குப் பேன்ட் நழுவுகிறது. கோபமெல்லாம் என் மேல்தான், ஆனால் ஒரு வீடும் தவறவில்லை.

ஜூன் 5, வியாழன்

குறைந்துவிட்டது! ஆபரேஷன் தேதி கைவிட்டுப் போகவில்லை. வாசுகி கை கொடுத்தார்.

ஜூன் 10, செவ்வாய்

ஸ்ட்ரெச்சரில் படுத்த பிறகுதான் எவ்லின் காதில் சொல்கிறாள், அந்தோணியாருக்கு நேர்ந்திருக்கிறாளாம். என் உடம்பில் எவ்வளவு குறைகிறதோ, எடைக்கு எடை ரொட்டி தானம். "நல்லபடியா எந்திரிச்சு வாங்க." நான் பயப்படாததுபோல் நடித்தேன்.

ஜூன் 16, திங்கள்

உயிரோடு இருக்கிறேன். தண்ணீரைக்கூட மடக்கென்று குடிக்க முடியாது. ஒரு டம்ளர் காலியாவதற்குள் டிவியில் ஒரு நாடகமே முடிந்துவிட்டது.

ஜூலை 20, ஞாயிறு

எவ்லின் பூசைக்குப் போயிருந்தாள். பானையில் பிரியாணி. பழைய வேகத்தில் நின்றபடியே நாலு வாய்... வியர்த்துக்கொட்டி, நெஞ்சை அடைத்து, எல்லாம் வெளியே வந்தது. திரும்பி வந்தவள் தரையைத் துடைத்தாள். "வெட்டினது வயித்தத்தானே, நாக்க இல்லையே," என்று சொல்லிவிட்டு அழுதாள். திட்டியிருக்கலாம். அதைத் தாங்கியிருப்பேன்.

ஜூலை 22, செவ்வாய்

அமலதாஸ் அண்ணன் தினமும் சாயங்காலம் எதிரே வந்து உட்கார்ந்து எனக்கு ஈடாக மெல்லுகிறார். "மென்னுங்க தம்பி. இன்னும். முழுங்காதீங்க." கண்றாவி. ஆனால் உதவுகிறது.

டிசம்பர் 3, புதன்

குறட்டை போய்விட்டதாம். நிசப்தம் பயமாக இருப்பதால் எவ்லின் எழுந்து என் மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறாள். டாக்டர் கையெழுத்துப் போட்டார். வேன் ஓட்டலாம். விஜயன் சாவியைச் சிரித்துக்கொண்டே கொடுத்தான், நல்லவன்.

டிசம்பர் 9, செவ்வாய்

வேனில் முதல் நாள். நேர்த்திக்கடன் ரொட்டியும் இன்றைக்கேதான், இந்தப் பெண்களுக்கேதான் என்று எவ்லின் பிடிவாதம். என்னிடமிருந்து போன எடை முழுக்க ரொட்டியாக சீட்டுகளில் உட்கார்ந்திருந்தது. இவ்வளவையுமா சுமந்துகொண்டு திரிந்தேன்? ஏறிய பெண்களுக்கு இடமில்லை. மடியில் ஆளுக்கு நாலு பாக்கெட் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். லோஷினி பழக்கத்தில் என் தோள்மேல் ஒரு கையைத் தயாராக வைத்துக்கொண்டு, மறுகையால் பாக்கெட்டைப் பிரித்தாள். எனக்கும் ஒரு துண்டு நீட்டினாள். வேண்டாம் என்றேன், டப்பாவில் முட்டை இருக்கிறது.

கெலாங் பாத்தா சிக்னலில் சிவப்பு. பாட்டுச் சத்தம் இல்லையே என்று திரும்பிப் பார்த்தேன். வயிறு நிறைந்து, ரொட்டியைக் கட்டிக்கொண்டு, அத்தனை பேரும் தூங்குகிறார்கள். லோஷினியின் கை என் தோளிலிருந்து எப்போது நழுவியதோ தெரியவில்லை.

பச்சை விழுந்தது. யாரும் எழுந்துவிடாதபடி மெல்ல எடுத்தேன்.